பத்தடிக்கு அப்பால் பதினாலாயிரம் அடி

பட்டாளத்து நாயக் சுடலைமுத்துவின் பெண்டாட்டி பேச்சியம்மா, இமயமலை அடிவாரத் தேவ்தார் கேம்ப் குடும்பக் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பிள்ளைத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பூமி ஈ உட்கார்ந்த எருமைத்தோல் மாதிரி ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பட்டாளத்து லாரி வரிசை ஏதோ மேட்டில் ஏறுகிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள், ஏனென்றால் அவள் பிறந்த கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் ரயிலும் தீப்பெட்டி ஆபீஸ் மிஷினும் தவிர வேறெதுவும் தரையை ஆட்டினதில்லை. பக்கத்து வீட்டுக் குர்மீத் கவுர், சப்பாத்தி மாவு அப்பின கையோடு, "பேச்சி! பூகம்ப்! வெளியே வா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். வெளியே நின்ற பேச்சியோ அதைக் கேட்டதும் உள்ளே ஓடினாள். கேம்ப் மொத்தமும் வெளியே ஓடுகிறது, அவள் ஒருத்தி உள்ளே ஓடுகிறாள், பரணிலிருந்து குடமும் சட்டியும் குதிக்கின்றன, சுவர்க்கடிகாரம் நெளிகிறது, உத்தரக் கொக்கியில் கட்டின சேலைத்தொட்டில் ஆட்ட ஆளில்லாமல் தானே ஆடுகிறது, அதற்குள்ளே பத்து மாதப் பிள்ளை சந்தனமாரி முழித்துக்கொண்டு, இத்தனை நாளில் இப்படி ஒருத்தரும் ஆட்டவில்லையே என்கிற மாதிரி கெக்கெக்கென்று சிரிக்கிறாள்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சி மறுபடி பின்பக்கம் வந்தபோது ஆட்டம் நின்றிருந்தது, தூசி அடங்கிக்கொண்டிருந்தது, செவ்வந்திப் பாத்தி இருந்தது, கொடிக்கம்பிக்கு இந்தப் பக்கத்துக் கம்பம் இருந்தது, அந்தப் பக்கத்துக் கம்பத்தையும் கொல்லைச்சுவரையும் காணோம், அவை இருந்த இடத்தில் மலை இருந்தது. முழு மலையில்லை, அதன் உச்சி மட்டும். கத்தியால் நறுக்கி எடுத்துவந்து வைத்ததுபோல ஒரு துண்டு உச்சி, அதன் மேல் முழங்கால் அளவு பனி, பனிக்குள் மணல்மூட்டை அடுக்கின இரண்டு பங்கர், ஒரு தகரக்கூரை, ஒரு இரும்புக் கம்பம், கம்பத்துக்குப் பக்கத்தில் நாலு ஸ்வெட்டரும் வெள்ளைக் கோட்டும் போட்டுத் துப்பாக்கியும் கையுமாக நின்ற அவள் புருஷன்.

அது பதினாலாயிரத்து எண்ணூறு அடி உயரத்தில் இருக்கவேண்டிய எல்லைக் காவல் போஸ்ட். கேம்ப்பிலிருந்து கோவேறு கழுதையோடு மூன்று நாள் ஏறினால் வரும் போஸ்ட். பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில், ஐந்து நாள் ரயிலில் அதை மடியில் கிடத்திக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்கத்தான் பேச்சி இத்தனை தூரம் வந்தாள். அவள் வந்து இறங்குவதற்கு முதல்நாள், பனி விழுந்து பாதை அடைபடும் என்று அவனை மேலே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம் கடுதாசிதான். அப்பன் கை பிள்ளைமேல் ஒரு தடவைகூடப் பட்டதில்லை.

பேச்சி யோசிக்கவே இல்லை. எப்படி வந்தது என்று கேட்கவும் இல்லை. பிள்ளையை இடுக்கிக்கொண்டு பனியைப் பார்த்து ஓடினாள்.

"தம்!" என்று துப்பாக்கியை நீட்டினான் சுடலைமுத்து. "கௌன் ஆதா ஹை?"

நில், வருவது யார் என்று அர்த்தம். காவலுக்கு நிற்கிறவன் எதிரே வரும் எவரையும் அப்படித்தான் நிறுத்தவேண்டும். அந்தத் 'தம்'மில் பேச்சியின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

"நாந்தான் அத்தான், பேச்சி."

"பேச்சின்னு தெரியும்ளா. பாஸ்வேர்டச் சொல்லு."

"அது என்னத்த?"

"இன்னைக்குள்ள காவல்சொல்லு. அதச் சொன்னாத்தான் விட முடியும்."

"ஏழு மாசம் கழிச்சு கைப்புள்ளையோட வந்து நிக்கேன், துப்பாக்கிய நீட்டுதியளே, இது எந்த ஊரு நியாயம்?"

"ஒனக்கு நீட்டலளா, ரூலுக்கு நீட்டுதேன்" என்றான். சொல்லும்போதே அவன் கண் பிள்ளைமேல் போய் ஒட்டிக்கொண்டது, எடுக்க முடியவில்லை, மீசையில் உறைந்திருந்த பனி உருகி உதட்டில் சொட்டியது. "மூக்கு எங்க அம்ம மூக்கு" என்றான் மெல்ல.

"மூக்கப் பத்தி இப்பம் யாரு கேட்டா?"

அரைமணி நேரத்தில் கர்னல் சாகிப் ஜீப்பில் வந்தார். மலைத்துண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஜீப்பின் மூக்கில் மேப்பை விரித்து வெகுநேரம் பார்த்தார். மேப்பில் போஸ்ட் மேலேதான் இருந்தது. ஆகவே போஸ்ட் மேலேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பனிக்கும் செவ்வந்திப் பாத்திக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புக்கோடு போடச் சொன்னார். கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லை, இந்தப் பக்கம் குடும்பம். அங்கிருந்து ஆள் இங்கே வரக்கூடாது, இங்கிருந்து ஆள் அங்கே போகக்கூடாது. போஸ்ட்டுக்குப் போகவேண்டிய ரேஷனும் தபாலும் மட்டும் வழக்கம்போலப் போகலாம். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினவர், இறங்கிவந்து, பனியில் ஒரு கை அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு நாளில் கேம்ப் அதற்குப் பழகிவிட்டது. மலை வந்து கொல்லையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், அதற்காக உலை வைக்காமல் இருக்க முடியுமா? குர்மீத் பனியைச் சுரண்டி லஸ்ஸியில் போட்டாள். பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக வரிசையில் நின்று பாலும் கறியும் கெடாமல் வைக்கப் பனி வாங்கிப்போனார்கள். இந்தப் பக்கம் வேர்த்து விறுவிறுத்து விசிறிக்கொண்டிருப்பவள், கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் விரல்நுனி மரத்துப்போகும். அந்தப் பக்கம் நிற்கிறவன் பீடி பற்றவைக்க நாலு தீக்குச்சி கிழிப்பான், அங்கே காற்று அத்தனை இளைத்த காற்று. போஸ்ட்டில் இருந்த பன்னிரண்டு பேரும் ஏழு மாதமாக டப்பாச் சோறு தின்றவர்கள், இப்போது எந்த வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று மூக்காலேயே காவல் காத்தார்கள்.

ரேஷன் சுபேதார் தங்கப்பன் நாயருக்குத்தான் பெரிய சங்கடம். ரேஷன் கழுதையில்தான் போகவேண்டும், மூன்று நாள் போகவேண்டும் என்பது விதி. அவர் தினமும் முட்டைக்கோஸும் மண்ணெண்ணெயும் ஏற்றின கழுதையைப் பேச்சி வீட்டுக் கொல்லைக்கு ஓட்டிவந்து, கோட்டுவரை எட்டு எட்டு நடத்தி, சாமானை இறக்கிக் கொடுத்துவிட்டு, கழுதைக்கு மூன்று நாள் ஓய்வு எழுதினார். கேம்ப் கழுதை முழுதும் ஓய்வில் நின்று கொழுத்தது.

கொடிக்கம்பிக்கு அந்தப் பக்கம் கம்பம் இல்லையே! குர்மீத்தின் புருஷன் சிக்னல்ஸில் இருந்தவன், அவன் கொடுத்த பழைய டெலிபோன் கம்பிதான் பேச்சிக்குத் துணிக்கொடி. அதன் அறுந்த முனையைச் சுருட்டிப் பேச்சி கோட்டுக்கு அப்பால் வீசினாள், சுடலைமுத்து பிடித்துப் போஸ்ட்டின் இரும்புக் கம்பத்தில் கட்டினான். கம்பி ஆள் இல்லை, ஆகவே தாண்டலாம் என்று நாயர் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து பிள்ளைத்துணி பாதி வெயிலில் காய்ந்தது, பாதி பனியில் விறைத்து அப்பளமாக நின்றது.

பேச்சி தினமும் துணி காயப்போடும் சாக்கில் வந்து நிற்பாள். அவனும் காவல் முறை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான்.

"மாமன் மவன்னு பேரு. பத்தடி தாண்ட வக்கில்ல."

"தாண்டினா காவல விட்ட குத்தம்ளா."

"கர்னல் இப்பம் இங்கயா நிக்காரு?"

"கர்னலுக்குப் பயந்தா ஒருத்தன் அந்த ஒசரத்துல ஏழு மாசம் நிப்பான்?" என்றான். பேச்சி பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். பிறகு அவனே அவளைச் சிரிக்கவைக்கக் காவல் விதியைச் சொல்லிக்கொடுத்தான். "ஒருத்தன 'தம்'முனு நிப்பாட்டிட்டா அவன் நின்ன எடத்துல நிக்கணும். சொல்லு சரியாச் சொன்ன பொறவு, நிப்பாட்டினவனே வாயத் தொறந்து 'ஆகே படோ'ன்னு, மேக்கொண்டு போன்னு, விடணும். அது வராம ஒரு அடி நவுரப்பிடாது. ஜெனரலா இருந்தாலும் சரி, எமனா இருந்தாலும் சரி."

"நிப்பாட்டினவ மறந்துட்டா?"

"நின்னுக்கிட்டே கெடக்கவேண்டியதுதான்."

"அப்பம் ஒங்கள ஒரு நா 'தம்'முனு நிப்பாட்டிட்டு மறந்துடுதேன், இரியும்" என்றாள். கையில் துப்பாக்கியோடு அவன் சிரித்த சிரிப்பில் பங்கருக்குள்ளிருந்து ஹவில்தார் தலையை நீட்டிப் பார்த்தார்.

நாலாம் நாள்தான் அந்த விஷயத்தைக் குர்மீத் கண்டுபிடித்தாள். நாளுக்கு ஒரு தடவை, பூனை முதுகை நெளிக்கிற மாதிரி பூமி லேசாக ஒரு நெளிப்பு நெளிக்கும். ஒவ்வொரு நெளிப்புக்கும் மலைத்துண்டு அரைப் பூரிக்கட்டை உயரம் ஏறியிருந்தது. முதல் நாள் தரையோடு தரையாக இருந்த பனி இப்போது பேச்சியின் முழங்காலுக்கு இருந்தது. ஒன்பதாம் நாள் தோளுக்கு வந்தது.

"போகப் பார்க்கிறது பேச்சி" என்றாள் குர்மீத், தெரிந்த தமிழும் இந்தியும் கலந்து. "வந்த வழியே மேலே போகப் பார்க்கிறது. இன்னும் இரண்டு நாளோ, ஒரு நாளோ."

பேச்சி பனியின் உயரத்தைத் தன் தோளோடு அளந்து பார்த்தாள். போகட்டும், மலை போகத்தான் செய்யும், அவனும் அதோடு போகத்தான் செய்வான், அதற்கு அவள் அழவில்லை. ஆனால் பத்தடியில் வந்து நின்றுவிட்டு, பிள்ளையை ஒரு தடவை மடியில் வாங்காமல் போனால்? அடுத்த பனி, அதற்கடுத்த பனி, பிள்ளை நடந்து ஓடிப் பள்ளிக்கூடம் போனபிறகு வந்து 'நான்தான் உன் அப்பன்' என்றால் அது யாரென்று கண்டது? அவள் நேரே ரேஷன் கிட்டங்கிக்கு நடந்து, உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்த நாயர் முன்னால், தராசுத்தட்டில் சந்தனமாரியை உட்காரவைத்தாள்.

"எந்தா பேச்சி இது?"

"கோட்டத் தாண்டி எது போலாம்? ரேஷன் போலாம்லா? நிறுத்துப் போடுங்க அண்ணாச்சி."

நாயர் தராசைப் பார்த்தார். தராசில் இருந்த சரக்கு அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்து வாயில் வைத்தது. முப்பது வருஷ சர்வீஸில் அவர் ஒரு கிலோ சரக்கைக்கூட விதிக்கு மாறாக அனுப்பினதில்லை. வெகுநேரம் தாடையைத் தடவினார். "காய்கறி, பால், இறைச்சி... எல்லாம் 'ஃப்ரெஷ்'னு ஒரே தலைப்பு. என்ன ஃப்ரெஷ்னு எழுதணும்னு விதியில் இல்லா" என்று சொல்லிவிட்டு, எழுதினார்: ஃப்ரெஷ், எட்டு கிலோ, பெற்றுக்கொள்பவர் நாயக் சுடலைமுத்து.

பத்தாம் நாள் காலையில் கழுதை வந்தது. ஒரு பக்கம் முட்டைக்கோஸ், ஒரு பக்கம் கூடையில் கம்பளித் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாகச் சந்தனமாரி. கேம்ப்பின் பெண்கள் அத்தனை பேரும் கொல்லையில் நின்றார்கள். கர்னலும் வந்திருந்தார், வந்தவர் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செவ்வந்தி பார்த்தார். நாயர் விறைப்பாக நின்று, "ஃப்ரெஷ், எட்டு கிலோ!" என்று கூவினார். சுடலைமுத்து கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையெழுத்துப் போட்டான், தோள் உயரத்துக் கரையிலிருந்து குனிந்து கூடையை வாங்கினான்.

பிள்ளை அவன் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழுதது. பங்கருக்குள்ளிருந்து பதினொரு பேரும் ஓடிவந்து, ஒருத்தன் சாப்பாட்டு மெஸ்டின்னைத் தட்டினான், ஒருத்தன் கழுதை மாதிரி கனைத்தான், ஹவில்தார் தன் பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். பிறகு அது ஒரு கையை நீட்டி அப்பன் மீசையைப் பிடித்தது. விடவில்லை. அவன் பனியிலேயே சப்பணம்போட்டு உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, "இழுளா, இழு, இன்னும் நல்லா இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பேச்சி இந்தப் பக்கம் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அது வந்தது. நெளிப்பு இல்லை, முதல் நாள் வந்த அதே முழுச் சிலிர்ப்பு. தேவதாரு மரம் எல்லாம் தலையை உதறின, தகரம் எல்லாம் கடகடத்தது, ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்புகிற மாதிரி முதலில் மெல்ல, பிறகு விரைசலாக, மலைத்துண்டு கிளம்பிவிட்டது. கோட்டுக்கும் பனிக்கும் நடுவே பள்ளம் விழுந்தது. இரண்டு ஆள் உயரம், மூன்று ஆள் உயரம், தென்னை உயரம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடலைமுத்து கரைக்கு ஓடிவந்தான், அங்கிருந்து கைமாற்ற எந்தக் கையும் எட்டாது. கொடிக்கம்பி மட்டும் அறாமல், எங்கிருந்தோ நீளம் வாங்கிக்கொண்டு, அவன் கம்பத்துக்கும் இவள் கம்பத்துக்கும் நடுவே சரிந்து விண்ணென்று நின்றது.

"ரேஷன் வாங்கினால் திருப்ப விதியில்லா!" என்று நாயர் தலையில் அடித்துக்கொண்டார்.

பேச்சி அண்ணாந்தாள். அவள் தொண்டையில் ஏழு மாதம் கிடந்தது எல்லாம் சேர்ந்து ஒரு சத்தமாக வந்தது.

"தம்!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். "கௌன் ஆதா ஹை?"

மலை நின்றது.

பத்து நாள் பட்டாளத்து விதிக்குள் இருந்த மலை, அதற்குத் தெரியும். நடு ஆகாசத்தில், ஒரு காலைத் தூக்கின மாட்டைப்போல, அப்படியே நின்றது. தேவதாரு நின்றது, தகரம் நின்றது, கர்னல் விறைத்து நின்றார். சுடலைமுத்து பிள்ளையைத் தன் முதுகுப்பையில் வைத்து வாரை இறுக்கி, கம்பியில் பையின் கொக்கியை மாட்டி, பிள்ளையின் உச்சந்தலையை ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கம்பியோடு கீழே விட்டான். பன்னிரண்டு பிள்ளைத்துணியையும் முன்னால் தள்ளிக்கொண்டு, கீச்சென்று சிரித்துக்கொண்டு, சந்தனமாரி ஆகாசத்திலிருந்து வழுக்கிவந்து ஆத்தாள் மார்பில் மோதினாள். குர்மீத்தும் பெண்களும் போட்ட கூச்சலில் கழுதை அறுத்துக்கொண்டு ஓடியது.

கூச்சல் அடங்கினபோதுதான் எல்லாரும் பார்த்தார்கள். மலை இன்னும் நின்றுகொண்டிருந்தது.

குர்மீத் பேச்சியின் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லாதே" என்றாள் காதோடு. "நீ சொல்லாமல் அது போகாது. இப்படியே வைத்துக்கொள் பேச்சி. மாவு இழுபட்ட மாதிரி இழுத்துக் கிடக்கட்டும், உன் ஆள் உன் கண்ணுக்குள்ளேயே இருப்பான்."

பேச்சி மேலே பார்த்தாள். நின்ற மலை சாய்வாக நின்றது. மணல்மூட்டை ஒவ்வொன்றாகச் சரிந்தது, பதினொரு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மலையின் அடிவயிற்றிலிருந்து பாரம் தாங்காத முனகல் கேட்டது. அதற்கும் மேலே, வெகு உயரத்தில், பல் விழுந்த ஈறுபோல ஒரு காலி இடம். பத்து நாளாக அங்கே காற்று மட்டும் காவல். கரையோரத்தில் நேராக நின்றவன் சுடலைமுத்து ஒருத்தன்தான். விடு என்று அவன் கேட்கவில்லை. விடாதே என்றும் கேட்கவில்லை. நிறுத்தப்பட்ட ஆள் செய்யவேண்டியதைச் செய்தான். இரண்டு கையையும் வாயில் குவித்து, பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக்கூடாத அன்றைய காவல்சொல்லைக் கேம்ப் முழுதும் கேட்கக் கத்திச் சொன்னான்.

சொல் சரியாக இருந்தது. அது என்ன சொல் என்று கேட்கக்கூடாது, அது காவல்சொல், கேட்ட பெண்கள் ஒருத்தியும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

பேச்சி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு எழுத்தும் உடையாமல் சொன்னாள்.

"ஆகே படோ."

மலை மூச்சுவிட்டுக்கொண்டு போயிற்று. மேகத்துக்குள் நுழைந்து, ஈறில் பல் உட்கார்ந்தது. கர்னல் மேப்பை விரித்துப் பார்த்து, போஸ்ட் இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்றார். சொன்னபிறகு பேச்சிக்கு ஒரு சல்யூட் வைத்தார். நாயர் அடுத்த நாளே கழுதைகளை எழுப்பி மூன்று நாள் பாதையில் ஓட்டினார், அவை கொழுத்த கொழுப்பில் ஐந்து நாள் எடுத்துக்கொண்டன.

கொடிக்கம்பியை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. பேச்சி வீட்டுக் கொல்லையில் தொடங்கி, தேவதாருவுக்கு மேலே ஏறி, மேகத்துக்குள் போய் மறைகிறது அது. அனுமதி இல்லாத கம்பி என்று சிக்னல்ஸ்காரர்கள் வெட்ட வந்தார்கள், குர்மீத் தன் புருஷனைப் பார்த்த பார்வையில் கத்தரியை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் துணி காயப்போடும் முன்னால் பேச்சி கம்பியில் வாயை வைத்து அந்த 'ஆகே படோ'வைச் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து கம்பி கொய்ங்ங் என்று பேசத் தொடங்கும், நேற்று என்ன சோறு, எத்தனை பனி, ஹவில்தாரின் பல்செட் எங்கே விழுந்தது என்று அது பாட்டுக்குப் பேசும். இடுப்பில் இருக்கிற சந்தனமாரி கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருப்பாள், பிறகு இரண்டு கையாலும் கம்பியைக் கப்பென்று பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை அடிவயிற்றிலிருந்து கத்துவாள்.

"தம்!"

கம்பி நின்றுவிடும். பதினாலாயிரத்து எண்ணூறு அடிக்கு மேலே ஒருத்தன் பேச்சை நிறுத்திக்கொண்டு, மூச்சுக் காட்டாமல், அசையாமல் நிற்பான். பிள்ளைக்கு நிப்பாட்டத்தான் தெரியும், விடத் தெரியாது. அதைப் பேச்சிதான் சொல்லவேண்டும். உடனே சொல்லமாட்டாள். ஒரு துணியை உதறிப் போடுவாள், இன்னொன்றை உதறிப் போடுவாள், மூன்றாவதைப் பிழிந்துகொண்டே மேலே பார்ப்பாள், அப்புறம்தான் சொல்வாள்.